கொலு பார்க்கில் வந்த பூச்சி

மே மாதம், வெஸ்ட் வின்ட்சர் வீட்டுச் சமையலறையில் குட்டி அந்துப்பூச்சி ஒன்று பறந்ததுமே அபயாம்பாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ரைஸ் பேக்லேர்ந்துதான் வர்றது. டவுட்டே வேண்டாம்!"

பையிலிருந்த பொன்னி அரிசி முழுவதையும் வீட்டுப் பின்புற மர டெக்கில் வெயிலில் பரப்பினாள். பூச்சி குறையவில்லை. பருப்பும் வெளியே போயிற்று.

மறுநாள் கணவர் அச்சுதன் சமையலறையை ஒட்டிய கராஜிலிருந்த கொலுப் பெட்டியைத் திறந்து காட்டினார். போன வருஷம் கொலு பார்க்கில் மரமாக நிறுத்துவதற்காக, மெய்ன் மாநிலத்தின் வடகோடிக் காட்டில் அவளே ஆசையாகப் பொறுக்கிவந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் காய்கள். அவற்றிலிருந்துதான் பூச்சிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"வின்டர் பூரா உள்ளேயே புழுவா தூங்கிருக்கு, அபயா. அரிசி என்ன பாவம் பண்ணித்து?"

அவள் அசரவில்லை.

"எல்லாராத்துலயும் பிளாஸ்டிக் மரம். நம்மாத்து பார்க்தான் நெஜக் காடு, பார்த்தேளா!" என்றவள், டெக்கிலிருந்த அரிசியை அள்ளிவர அவரையே அனுப்பினாள்.