மதகியின் தோலுக்கு என்ன விலை

1

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மிருகத்தைக் கொல்வதா வேண்டாமா என்று நான் தீர்மானித்தாக வேண்டும். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். மிருகம் நிஜம் இல்லை, ஹேமாவதி உண்டாக்கியது. மண்ணூர்பேட்டையில் அவள் வீட்டு மாடி அறையில் ஹேமாவதி, வரலட்சுமி, கோபி, நான் என்று நாங்கள் நான்கு பேர் ஞாயிறு மதியம் கூடுவோம். ஆளுக்கொரு பாத்திரம். ஹேமாவதி கதையைச் சொல்லி நடத்துவாள். அந்த உலகத்தின் மழை, சந்தை, பூதம் எல்லாம் அவள் பொறுப்பு. நாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

(இந்த வயதிலும் விளையாட்டா என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'செம்பரம்பாக்கத்தைப் போலவே பரந்துகிடந்த அந்த ஏரியின் மேல் நிலவு...' அடித்துவிட்டேன். ஆட்டத்தில் அப்போது வெயில். பிறகு 'ஹேமாவதி ஒரு மேதை' என்று தொடங்கினேன். அதையும் அடித்தேன். பொய் என்பதால் இல்லை, எடுத்த எடுப்பில் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இந்த ஆட்டத்துக்கென்று அச்சான விதிப்புத்தகங்கள் உண்டு. அவற்றில் பூதத்தோல் சாமான்களுக்கு அட்டவணை இருக்கும். நெருப்புப் பல்லித் தோலில் தைத்த அங்கிக்கு இத்தனை பொற்காசு. போட்டால் தீ சுடாது. காசைக் கொடுத்தால் சக்தி, மளிகைக் கடை மாதிரி. ஹேமாவதி அம்பத்தூரில் தோல்பை ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் விலை போடும் வேலை பார்ப்பவள். நாங்கள் எங்கள் முதல் நெருப்புப் பல்லியை வாளால் குத்திக் குத்திச் சாய்த்து, தோலை உரித்து, பெருமையாகச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"இன்னா இது, தோலு ஃபுல்லா ஓட்ட," என்றாள் ஹேமாவதி, சந்தை வியாபாரியின் குரலில். "இதுல அங்கி தைக்க முடியாது. சல்லடைக்கு வேணா ஆவும்."

அன்று அவள் மேல் எனக்குக் கொலைவெறி. வீட்டுக்குப் போகும்போது ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவள் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டே விதி சொன்னாள். சாகும் நொடியில் மிருகம் எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதுதான் தோலின் சக்தி. ஓடும்போது கொன்றால், போட்டவன் ஓடுவான். வரலட்சுமி அவசரப்பட்டு, தூங்குகிற கரடியைக் கொன்றாள். அந்தத் தோலைப் போர்த்திய அவளுடைய மந்திரக்காரி போர்க்களத்தில் குறட்டை விட்டாள்.* இரண்டாவது விதி, விலையைக் காசில் சொல்லக் கூடாது.

"அப்ப எதுலதான் சொல்றது?" என்று கோபி கேட்டான்.

"கொல்றப்ப தெரியும்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷம் கதை எழுதுகிறேன், எனக்கு இப்படி ஒரு வரி வந்ததில்லை.

* வரலட்சுமி இதைப் படித்துவிட்டுக் குறட்டையை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை.

3

இனி கோபி. [இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆள் நிஜத்திலேயே ரொம்ப நல்லவன், கதையில் நல்லவர்கள் எடுபடுவதில்லை. கையில் ஒரு சிகரெட்டைக் கொடுத்துப் பார்த்தேன். இருமினான். பிடுங்கிவிட்டேன்.]

ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்கிற இடத்தில் வேலை. இப்போது வெளிமாநிலத்தில் மேடக்குக்கு மாற்றலாகிவிட்டது. வருகிற ஞாயிறுதான் அவனுக்குக் கடைசி ஆட்டம். ஆட்டத்தில் அவன் சேந்தன் என்கிற ஈட்டிக்காரன். நான் திருடன். பார்வையாலேயே கல்லாக்குகிற ஒரு சூனியக்காரி என்னைப் பார்த்த நேரத்தில் சேந்தன் குறுக்கே வந்து நின்றான், அவள் பார்வை அவன் மேல் விழுந்தது. அன்றிலிருந்து பாதம் தொடங்கிக் கல்லாகி வருகிறான். இடுப்பு வரை வந்துவிட்டது. வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு திரிகிறோம்.

"நான் பூட்டாலும் சேந்தன் இங்கயே இருக்கட்டும் மச்சான்," என்றான் கோபி. "ஞாயித்துக்கெயம ஆனா யார்னா ஒருத்தர் அவனுக்குப் பகட போடுங்க. அங்க குந்திகினு, இந்நேரம் இன்னா பண்ணிகினு இருப்பான்னு நென்ச்சிப்பேன்."

சேந்தன் பிழைக்க, குணமாக்கும் தோல் வேண்டும். ஹேமாவதியின் விதிப்படி, இன்னொரு உயிரைக் குணமாக்கிக்கொண்டிருக்கும் நொடியில் ஒரு மிருகம் சாக வேண்டும்.

4

போன ஞாயிறு அது கிடைத்தது. மதகி. ஏரி மதகுக்கு அடியில் வாழ்வது, எருமைப் பருமன், நீர்நாய் முகம். நாங்கள் கரையில் பதுங்கியிருந்தோம்.

"வெளிய வருது," என்றாள் ஹேமாவதி. "வாயில குட்டி. குட்டிக்குக் கால்ல காயம். கரையில வெச்சி நக்குது. நக்க நக்கக் காயம் மூடிகினே வருது. உங்கள பாக்கல. கோபி, இன்னா பண்றே?"

கோபி பகடையை எடுத்தான். அவன் விரல்கள் நடு— (வேண்டாம். எல்லாக் கதையிலும் விரல்கள் நடுங்கியாகிவிட்டது.) எடுத்தான், திரும்ப வைத்தான்.

"அது குட்டிய நக்கினு கீது ஹேமா."

"ஆமா."

"வேற நேரத்துல அட்ச்சா?"

"அடிக்கலாம். அந்தத் தோலு மழைக்குப் போட்டுக்க ஆவும்."

வரலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹேமாவதியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது எனக்கு. எழுந்து ஓடிவிட வேண்டும்போலவும் இருந்தது.

கோபி பகடையை என் பக்கம் தள்ளினான். "என்னால ஆவாது மச்சான். நீ அடி. நீ அட்ச்சா நான் போட்டுக்குவேன்."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். அவனை எனக்கு அந்த நொடியில் பிடித்ததுபோல எப்போதும் பிடித்ததில்லை. இனி அவன் மேல் நம்பிக்கை இல்லை என்று எழுத மாட்டேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஹேமாவதி ஆட்டத்தை நிறுத்தினாள்.

5

முடிவு ஒன்று. அடிக்கிறேன். சேந்தன் எழுந்து நடக்கிறான். குட்டி, பாதி ஆறிய காலோடு கரையில் கத்துகிறது. ஹேமாவதி அந்தக் கத்தலை மறக்கிற ஆள் இல்லை, இனி ஒவ்வொரு ஞாயிறும் எங்களுக்கு அது கேட்கும்.

இன்னொன்று. அடிக்கவில்லை. சேந்தன் முழுக்கக் கல்லாகிறான். கோபி "பரவால்ல மச்சான்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுகிறான். நிஜமாகவே அப்படித்தான் சொல்வான். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவதாக, மதகி தானே வந்து சேந்தனையும் நக்கிக் குணமாக்குகிறது. எழுதி முடித்துவிட்டு ஹேமாவதிக்குப் போன் செய்து கேட்டேன். "தன் குட்டிய மட்டுந்தான் நக்கும். ஓசில ஒண்ணும் கெடையாது," என்றாள்.

எழுதினால் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் விலை என்பது மட்டும் தெளிந்தது. அதைக் கொடுக்க வேண்டியவன் அடிப்பவன், போட்டுக்கொள்பவன் இல்லை. மதகி இன்னும் நக்கிக்கொண்டுதான் இருக்கிறது. என்னால் ஆகவில்லை. நீங்கள் அடியுங்கள். அடித்துவிட்டால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான்தான் அடித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.