நுரை தள்ளிய கூடாரம்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. பெரிய பெரிய கட்டடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கத் தெரிந்த மனுஷனுக்கு, ஒரு தட்டுத் தண்ணீரை இந்த அறையிலிருந்து பக்கத்துக் குளியலறைக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டில் வெயில் எட்டிப் பார்க்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. இவருக்கோ திடீரென்று செடிப் பைத்தியம் பிடித்தது. பீரோ உயரத்துக்கு ஒரு துணிக் கூடாரத்தை வாங்கி வந்தார். உள்ளே வெள்ளிப் பூச்சு, உச்சியில் கண் கூசும் விளக்கு, முன்னால் ஜிப். வெயிலே இல்லாமல் அதற்குள் செடி வளர்க்கலாமாம். அதை எங்கே நிறுத்தினார் தெரியுமா? தையல் மெஷின் போட நான் பார்த்துப் பார்த்து ஒழித்து வைத்திருந்த அறையில். என் மெஷின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கில் கிடக்க, ஊசியில் நூல் கோப்பதற்குள் எனக்குக் கண் பூத்துப்போகிறது. வயிறு எரியுமா எரியாதா?

வந்த புதிதிலேயே, குடைமிளகாய்த் தொட்டிகளில் ஊற்றிய தண்ணீர் அடியில் வடிந்து, தட்டு நிரம்பி, தரையில் ஓடி, தைக்க வந்திருந்த துணிகளை நனைத்துவிட்டது. உரம் கலந்த தண்ணீர், டீ நிறத்தில். வந்ததே எனக்குக் கோபம்!

"இதோ பாருங்க, இன்னொரு தடவ ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு வெளிய வந்துச்சு, கூடாரம் தெருவுலதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"வராதும்மா, வரவே வராது" என்றார், தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

நிஜமாகவே அதன்பின் வரவில்லை. என் வாய்க்கு இருக்கிற சக்தி வேறு யாருக்கு உண்டு என்று நானும் பூரித்துப்போனேன். கூடாரத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலை. பெட்ஷீட் ஊறப்போட, குளியலறைத் திண்டின் மேலிருந்த பெரிய பக்கெட்டில் சோப்புத் தூளைக் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். எங்கள் குழாய் சாவகாசமாகத்தான் நிரப்பும். திரும்பி வந்தால் பக்கெட் பாதிகூட நிரம்பவில்லை. மேலே மட்டும் நுரை. இன்னும் கொஞ்சம் திருகிவிட்டுப் போனேன். மறுபடி வந்தேன், அதே பாதி.

"இந்தக் குழாய்க்கு என்ன கேடு?" என்று முழுசாகத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த அறையிலிருந்து "ஐயையோ!" என்றொரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், கூடாரத்தின் ஜிப் வழியாக வெள்ளை வெளேரென்று நுரை பிதுங்கிக்கொண்டிருந்தது. இவர் துண்டோடு தரையில் குப்புறக் கிடந்து அணை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, செடி சோப்பு காய்க்குதா?"

"பக்கெட்டு! பக்கெட்டுல ட்யூப்! எடு எடு!"

நுரைக்குள் கை விட்டேன். பக்கெட்டின் அடியில் ஒரு மெல்லிய ட்யூப். வெளியே இழுத்ததும் அங்கே வெள்ளம் நின்றது.

பிறகு விசாரணை. அன்றைக்குத் துணிந்து தொட்டிகளுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். தட்டில் வடிந்ததை மீன் தொட்டிப் பம்பு வைத்து, ட்யூப் வழியாக என் பக்கெட்டுக்குள் அனுப்பியிருக்கிறார். மேலேயிருந்து விழுந்தால் சத்தம் கேட்டு நான் வந்துவிடுவேனாம். அதனால் ட்யூபை நுரைக்கு அடியில் முக்கி வைத்தாராம். என் காலடிச் சத்தம் கேட்டதும் பதறிப் பம்பை அணைத்திருக்கிறார். உயரத்திலிருந்த பக்கெட் தண்ணீர் அதே ட்யூபில் வந்த வழியே இறங்கிவிட்டது. நான் குழாயைத் திறக்கத் திறக்க, கூடாரம் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"சரி. ஒரு சொட்டுன்னு சொன்னேன். இங்க குளமே இருக்கு. தூக்குங்க கூடாரத்தை."

"அதெப்படி? வெளிய வந்தது சோப்புத் தண்ணி. அது உன் தண்ணி. என் தண்ணி ஒரு சொட்டாவது வந்துச்சா?"

இந்த வாய்க்கு வக்கீலுக்குப் படித்திருக்கலாம். நானே தூக்கிவிடுகிறேன் என்று ஜிப்பை இழுத்துத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். செடிகளில் பூ இருந்தது, ஆனால் இலைகளின் ஓரமெல்லாம் தீய்ந்து கருகியிருந்தது.

"ஏங்க இப்படி ஆச்சு?"

"தண்ணிய நல்லா ஊத்தி அடியில வடிய விடணும். இல்லன்னா உரத்தோட உப்பு மண்ணுலயே தங்கிடும்."

"தெரியுதுல்ல? ஊத்துறதுக்கு என்ன?"

"ஊத்துனா வடியுமே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நீ சொன்னதுல இருந்து ஸ்பூன்லதான் ஊத்திட்டிருந்தேன். இதுக்கு மேல தாங்காதுன்னுதான் இன்னைக்கு..."

தொட்டி ஓரத்தில் என் அடுப்படி ஸ்பூன் கிடந்தது. தொலைந்துபோனதாக நான் வீட்டையே திட்டித் தீர்த்த ஸ்பூன். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா? பதில் தெரிந்திருந்ததால் அவரிடம் கேட்கவில்லை.

"சோப்பு வேற வேருக்குள்ள போயிருக்கும். நல்ல தண்ணி எடுத்துட்டு வாங்க. முழுசா ஊத்துங்க."

"வடியும்மா."

"வடியட்டும்ங்கிறேன்ல!"

ட்யூப் மறுபடி பக்கெட்டில் முங்காமல் இருக்க, குழாயின் கழுத்தில் உயரமாகத் தொங்கவிட வேண்டும். அதற்கு ஒரு துணி வளையம் தைக்கலாமென்று கூடாரத்து வாசலிலேயே உட்கார்ந்து ஊசியை எடுத்தேன். நூல் ஒரே குத்தில் உள்ளே போய்விட்டது. எத்தனை வருஷமாயிற்று அப்படிப் போய்! அந்தப் பாழாய்ப்போன விளக்கைத் தலை தூக்கிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் என் மெஷின் கூடாரத்து வாசலுக்கு வந்துவிட்டது.

இவர் தட்டையும் பம்பையும் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்தார்.

"இதோ பாரும்மா. ஒரு நூல் துண்டு, ஒரே ஒரு துண்டு இந்தத் தட்டுல விழுந்துச்சு, பம்பு அடைச்சுக்கும். விழுந்துச்சு, மெஷின் தெருவுலதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

என் வீட்டில் என்னையே மிரட்டுகிறார்! இதற்கெல்லாம் நான் பயப்படுகிற ஆளா? இப்போதெல்லாம் நறுக்கிய நூலை ஒவ்வொன்றாக விரலில் எச்சில் தொட்டு எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டே தைக்கிறேன்.