தோற்றவர்கள் போட்ட கையெழுத்து

லெஸ் டோரிகன் கொலை செய்யவில்லை என்று யாரும் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டு ரோமம் கத்தரிப்பவன். குடிவெறியில் ஒரு மதுக்கடைக் கிழவரை இரும்புக்கம்பியால் அடித்தே கொன்றான். தூக்கு என்று தீர்ப்பானது. தூக்குக்கு முந்தின நாள் குடல்வால் வெடித்து, செல்லுக்குள் சுருண்டு விழுந்தான்.

அப்படியே விட்டிருந்தால் செத்திருப்பான். சிறை மருத்துவர் ஹேலட் விடவில்லை. வயிற்றைத் திறந்து, கழுவி, தைத்தார். இரண்டு வார்டர்கள் ரத்தம் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்க வாரக்கணக்காயிற்று.

ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவரான மெர்வ் டல்க், அவன் கண் விழித்ததும் சொன்னார்: "தூக்குல போடறவன் அடுத்த மாநிலத்துலேர்ந்து ரயில் ஏறி வந்தான்டா. வெறுங்கையோட திரும்பிப் போனான். உன்மேல செம கடுப்பு."

"அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிட்டு விழறேன் பாஸ்."

அவன் தேறுவதற்குள் மாநிலத் தேர்தல் வந்துவிட்டது. எதிர்க்கட்சித் தலைவர் ஆல்ஃப் பெனிக், தான் வந்தால் தூக்குமரத்தை விறகாக்குவேன் என்று மேடைதோறும் பேசினார். சனிக்கிழமை வாக்குப்பதிவு. அவர் கட்சி அமோகமாக ஜெயித்தது.

ஞாயிறு காலை மெர்வ் பேப்பரைக் கம்பி வழியாக நீட்டினார். "படி. இனிமே ஆயுசுக்கும் என் மூஞ்சியப் பாத்துட்டே கிடக்கப் போற."

"அதுக்குத் தூக்கே தேவலாம் பாஸ்" என்ற லெஸ், அன்றைக்கு இரண்டு தட்டு ஆட்டிறைச்சி தின்றான். தகர டப்பாவில் பழம் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவன் தங்கை ஐவி மதியம் வந்தாள்.

"நீ வெளிய வர்றதுக்குள்ள நான் கிழவி ஆயிடுவேன்" என்றாள்.

"இப்ப மட்டும் என்ன."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

செவ்வாய்க்கிழமை, தண்டனையை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீஃப் வந்து, நின்றபடியே உத்தரவைப் படித்தார். வியாழன் காலை தூக்கு. லெஸ்ஸுக்கு விளங்கவில்லை.

"உங்க மந்திரிங்கதான் தோத்துட்டாங்களே?"

"புது ஆட்சி வெள்ளிக்கிழமைதான் பதவி ஏத்துக்குது. அதுவரைக்கும் பழைய மந்திரிங்கதான். அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"எதுக்கு?"

ஷெரீஃப் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐவி பெனிக்கின் வீட்டுக்கே போனாள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் அறை முழுக்க இருந்தார்கள். அவர் அவளைத் தனியே அழைத்துப் போய் உட்கார வைத்து, டீ கொடுக்கச் சொன்னார்.

"நான் இன்னும் பதவி ஏத்துக்கலம்மா. என் கைல ஒண்ணும் இல்ல."

"ஒரு ஃபோன் பண்ணுங்க. பேப்பர்காரங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கொலைகாரனுக்காகத்தான் முதல்ல வாயத் தொறந்தேன்னு எழுதுவாங்க. அப்புறம் தூக்கை ஒழிக்கிற சட்டத்தையே கொண்டுவர முடியாமப் போயிடும். பின்னால வர்ற எத்தனையோ பேர நெனச்சுப் பாருங்க."

"எனக்கு ஒரு அண்ணன்தான்" என்றாள் ஐவி. டீயைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

புதனன்று ஹேலட் வந்தார். தூக்கைத் தாங்கும் உடல்நிலையில் இருக்கிறான் என்று எழுதித் தர வேண்டியது அவர் வேலை. தையலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர். ரொம்ப நல்லாத் தச்சிருக்கீங்க."

அவர் கை நின்றது. பிறகு சட்டையை இறக்கிவிட்டார். அன்றே எழுதியும் கொடுத்தார்.

வியாழன் காலை மெர்வ்தான் அவன் கைகளைப் பின்னால் வாரால் கட்டினார். இரண்டு தடவை இழுத்தும் கொக்கி மாட்டவில்லை. "மெதுவா கட்டுங்க பாஸ், நான் எங்க போயிடப் போறேன்" என்றான் லெஸ். இரண்டு பேர் அவனைத் தூக்குமேடைப் பலகைமேல் நிறுத்தினார்கள். துணியை முகத்தில் இறக்கும்போது, "இருங்க, இருங்க, தங்கச்சிகிட்ட—" என்றான். பலகை விழுந்தது.

மறுநாள் பெனிக் முதல்வரானார். குளிர்காலக் கூட்டத்தொடரில் தூக்குத் தண்டனை ஒழிந்தது. சபையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐவி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே சிறை அலுவலகத்துக்குப் போய், அண்ணன் உடலைத் தரும்படி கேட்டாள்.

"தூக்குல செத்தவங்கள ஜெயிலுக்குள்ளதாம்மா புதைக்கணும். அந்தச் சட்டத்த அவங்க மாத்தலையே" என்றார் குமாஸ்தா. "கல்லறைன்னு பேர் போடற வழக்கமும் இல்ல. புதைச்ச இடத்துக்கு நேரா சுவத்துல பேரோட முதலெழுத்து மட்டும் பொறிச்சிருக்கும். வேணும்னா கேட்டுப் பாக்கறேன், உங்கள உள்ள விடுவாங்களான்னு."

விடவில்லை.