ஏர் எடுக்க இரண்டு பேர்

"போறவ போகட்டும். பிரேக் இல்லாம போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என் கணவர் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

வீடு அவருக்கு, கட்டிலும் அடுப்பும் வைத்த கேரவன் வண்டி எனக்கு என்று பேசி முடித்திருந்தோம். பேசியது நான்தான். அவர் தலையாட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைத்தான் செய்கிறார். சுவரோடு குடித்தனம் நடத்தி அலுத்துப்போய்த்தான் கிளம்புகிறேன்.

பிரேக் குழாயில் காற்று புகுந்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது; அந்த ஏரை வெளியே எடுக்க வேண்டும். வழக்கம்போல நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"அமுக்கு... அமுக்கு... அப்படியே புடி."

"புடிச்சிட்டேன்."

கீழே அவர் சக்கரத்தருகே காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தார். என் கால் மெல்ல இறங்கியது.

"மூடிட்டேன். இப்ப விடு."

ஒவ்வொரு சக்கரத்துக்கும் இதே பாட்டு. இந்த வேலையில் மட்டும் மனுஷர் வாய் திறப்பார். "வெயில் படுதா?" என்பார். "கால் வலிச்சா சொல்லு" என்பார். மற்ற நாளில் எனக்குக் கால் இருப்பதே அவருக்குத் தெரியாது.

பெடல் கல்லாக நின்றதும் வெளியே வந்து ஒரு பாட்டிலை நீட்டினார். மூடியில் ஓட்டை போட்டு மெல்லிய குழாய் செருகியிருந்தது.

"இனிமே தனியா செய்யணும்ல. ஒரு முனைய நிப்பிள்ல மாட்டு. இன்னொரு முனை பாட்டில்ல ஆயிலுக்குள்ள முங்கியே இருக்கணும். காத்து திரும்பி உள்ள போகாது. நீயே அமுக்கிக்கலாம், கூட ஆள் வேணாம்."

"இது எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் அடுப்ப அணைக்க வெச்சு என்னைக் கூப்பிட்டீங்க?"

"நேருக்கு நேர் எனக்குப் பேச வராது. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டா வரும்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அழுகை முந்திக்கொண்டது.

போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவேன். என்ஜினைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிரில்தான் நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு போய்க் கேட்டைத் திறந்தார்.

"தெருமுனையில ஒரு தடவ அமுக்கிப் பாரு."

அமுக்கிப் பார்த்தேன். வண்டி அப்படியே நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே அழுதேன். அப்புறம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.