காலர் வைக்க முடியாத ஆந்தை

நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டு, மீதியையும் நம்பாதவள் என் மனைவி. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில், மாடித் தொட்டியில் திமிங்கலக் குட்டி வளர்க்கிறேன் என்றேன். ஏணி வைத்து எட்டிப் பார்த்தாள், பாவம்.

அதனால்தான், ஒருநாள் இரவு மாடியில் துணி எடுக்கப் போனபோது பின்வீட்டுத் தொட்டிமேல் நிஜமாகவே ஓர் ஆந்தையைக் கண்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. இந்த ஒன்றையாவது அவள் நம்பியாக வேண்டும்.

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "பின்வீட்டுத் தொட்டிமேல ஒரு ஆந்தை உக்காந்திருக்கு."

"போன வாரம் ஒட்டகம், இந்த வாரம் ஆந்தையா? ரொம்ப இறங்கி வந்துட்டீங்களே, உடம்புக்கு முடியலையா?"

"சத்தியமா. வந்து பாரு."

"முட்டி வலியோட படியேறி ஏமாற என்னால ஆகாது. உள்ள இருக்கிற என் தம்பி பாத்துட்டு வரட்டும். அவன் சொன்னா நம்புறேன்."

மச்சான் தையல்காரன். அரை அங்குலம்கூடக் கூட்டிச் சொல்லாதவன். இடுப்பு பெருத்தவர்களிடம் அதை முகத்துக்கு நேராகச் சொல்லியே பாதி வாடிக்கையைத் தொலைத்தவன். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே என் பின்னால் மாடியேறினான்.

ஆந்தை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

"தோள் ஏழு அங்குலம் வரும்," என்று கிசுகிசுத்தான். "ஆனா கழுத்தே இல்ல அத்தான். காலர் வைக்க முடியாது."

காதில் விழுந்ததோ என்னவோ, ஆந்தை உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் பின்னால் திருப்பி அவனை முறைத்தது. பிறகு சத்தமே இல்லாமல் பறந்துபோனது.

மச்சான் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.

"அக்கா! முதுகும் நம்ம பக்கம், மூஞ்சியும் நம்ம பக்கம்! அவ்வளவு பெரிய இறக்கைய அடிச்சுப் பறக்குது, துளி சத்தம் இல்ல!"

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "டேய், நீயுமாடா? இவரோட அஞ்சு நிமிஷம் மாடியில நின்னதுக்கேவா?"

"அத்தான், நீங்களே சொல்லுங்க!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது எத்தனை காலத்துக்குப் பிறகு!

"ஒரு ஆந்தை. உக்காந்திருந்துச்சு, பறந்துடுச்சு," என்றேன்.

"தலை திரும்புச்சே அத்தான்!"

"இருட்டு, மச்சான். நான் அவ்வளவா கவனிக்கல."

"பாத்தியாடா?" என்றாள் அவள். "மனுஷன் எவ்வளவு நிதானமா சொல்றாரு!"

அந்த வாரம் என் புதுக் கால்சட்டை தைத்து வந்தது. இடுப்பு இரண்டு அங்குலம் இறுக்கம். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"ராத்திரியில தச்சது அத்தான்," என்றான் மச்சான், தலை நிமிராமல். "இருட்டு. நான் அவ்வளவா கவனிக்கல."