ப்ளக்கில் படிந்த வெள்ளை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பிரபாகரனின் வண்டி நன்றாகத்தான் ஓடியது. சனிக்கிழமை காலையில் உதைத்துக் கிளப்பினால், பேய் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. நியூட்ரலில் விட்டால் ஒரு நிலையில் நிற்கமாட்டேன் என்கிறது. தானாக ஏறி அலறுகிறது, தானாக இறங்கி முனகுகிறது, அணைந்தே போய்விடும் என்று பார்த்தால் மறுபடியும் அலறுகிறது. காரணம் தெரிந்த ஒரே ஆள் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் பெண்டாட்டி பொன்னி.

அவள்தான் அதைக் கெடுத்து வைத்தாள். வேறு என்ன செய்வாள், பாவம்! ஞாயிற்றுக்கிழமை காலையில் கூனிமேட்டிலிருந்து மரக்காணம் வரைக்கும் ஈசிஆர் ரோட்டில் ரேஸ். பாண்டிச்சேரிப் பையன்கள் எதையோ சொல்லிச் சீண்டிவிட, இந்த மனுஷனும் வர்றேன்டா என்று மீசையை முறுக்கிவிட்டு வந்துவிட்டான். போன வருஷம் இதே ரோட்டில், இதே மாதிரி ஒரு ரேஸில்தான் அவன் கூட்டாளி கௌதமன் போய்ச் சேர்ந்தான். கௌதமனின் பெண்டாட்டி இன்றைக்கும் உப்பளத்தில் பொன்னிக்குப் பக்கத்துப் பாத்தியில்தான் உப்பு வாருகிறாள். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்க்கும்போதெல்லாம் பொன்னி தன் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

நிறுத்திப்பார்க்க அவள் செய்யாத வித்தை இல்லை. சாவியை ஒளித்து வைத்தாள்; ஒயரைப் பிடுங்கிச் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு போனான். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மன் கனவில் வந்து தடுத்தாள் என்றாள். "ஏன், அம்மன்கிட்ட என் போன் நம்பர் இல்லியாமா?" என்று சிரித்தான்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் வாயை விட்டாள். "ரோட்ல போய் சாவறதுக்கு என் கையாலயே சாவுய்யா! சோத்துல வெசத்த வெச்சு நானே குடுத்துட்றேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கோபத்தில் எந்தப் பெண்டாட்டிதான் இப்படிச் சொல்லவில்லை? அவனும் பல்லைக் காட்டிவிட்டு, இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னான்.

அதன்பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்தவள். பாத்தி வரப்பில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தால் போதும், கட்டின தண்ணீர் நிற்காது, உப்பு பூக்காது, அன்றைய வேலை நின்றுவிடும். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஓட்டையை அடைத்தால் தீர்ந்தது. என்ஜினும் அப்படித்தான் என்று நினைத்தாள்.

அவனுடையது பழைய இரட்டை சிலிண்டர் வண்டி, கார்புரேட்டரும் இரண்டு. வலது கார்புரேட்டர் என்ஜினோடு சேருகிற இடத்தில் தடித்த ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறது. அவன் கழற்றி மாட்டும்போதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, மூட்டை தைக்கிற நூலை அறுக்கும் கத்தியால் அந்த ரப்பரின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல் போட்டாள். மேலேயிருந்து பார்த்தால் தெரியாது.

சனிக்கிழமை முழுக்க அவன் வண்டியோடு மல்லுக்கட்டினான். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஜெட்டை வாயால் ஊதி, மிதவையைச் சரிபார்த்து மாட்டினான். அடங்கவில்லை. ஒரு பக்கத்து ப்ளக் ஒயரை மாற்றி மாற்றிப் பிடுங்கிப் பார்த்தான். இடது பக்கம் ஒழுங்காக இருந்தது. வலது பக்கம்தான் துள்ளியது.

"எல்லாம் உப்புக் காத்துடி. உள்ள ஏறிக்கினு இருக்குது" என்றான்.

அந்த ஊரில் எது கெட்டாலும் உப்பின் தலையில்தான் விடியும். ஃபேன் நின்றாலும் உப்பு, போன் சார்ஜ் ஏறாவிட்டாலும் உப்பு. பொன்னி "ஆமாம் மாமா" என்று தலையாட்டினாள். மெக்கானிக் தேவநாதன் ஒரு காதுகுத்துக்காகப் பெருமுக்கல் போயிருந்தான். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் வலது ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். முனை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாத்தியா? சொன்னேன்ல? உப்பு!"

ப்ளக்கை முற்றத்தில் வீசிவிட்டுப் புதியதை மாட்டினான். கார்புரேட்டர் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டி வைத்தான். வண்டி இப்போது அணையவில்லை. அலறல் மட்டும் குறையவில்லை. "ஓட்டத்துல சரியாய்டும்" என்று சொல்லிவிட்டுச் சட்டை மாற்ற உள்ளே போனான்.

பொன்னி அந்த ப்ளக்கை எடுத்தாள். எந்த வெள்ளையைப் பார்த்தாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பது உப்பளத்துப் பழக்கம். நுனி நாக்கால் தொட்டாள்.

கரிக்கவில்லை.

இன்னொரு தரம் தொட்டாள். வெறும் சாம்பல். உப்பு இல்லையென்றால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தேவநாதனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ப்ளக்கு வெள்ளையா இருந்தா இன்னா அர்த்தம்?"

"எங்கியோ வெளிக்காத்த இழுக்குது அண்ணி. பெட்ரோலும் ஆயிலும் பத்தாம உள்ள வெந்துகினு இருக்குதுன்னு அர்த்தம். ஏன்?"

"வண்டி நின்னுடும், இல்ல?"

"நின்னாதான் பரவால்லியே! நிக்காது அண்ணி. மெதுவா போற வரைக்கும் ஒன்னும் தெரியாது. முழுசா முறுக்கினாதான் பிஸ்டன் கவ்விக்கும். பின்சக்கரம் அப்டியே லாக் ஆய்டும். நம்ம கௌதமனுக்கு வேற இன்னா ஆச்சுன்னு நெனச்சீங்க?"

வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. போனைப் போட்டுவிட்டு ஓடினாள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"போவாத மாமா! நான்தான் கெடுத்தேன். ரப்பரைக் கிழிச்சிட்டேன். போனா செத்துடுவ!"

அவன் சிரித்தான். "நெஞ்சு வலி ஆச்சு, அம்மன் ஆச்சு, இப்ப இதுவா? கார்புரேட்டர் எதுன்னாவது தெரியுமா உனுக்கு? உடு, டைமாவுது."

கியர் போடக் காலை வைத்தான். இனிப் பேசி ஆகாது. பொன்னி மண்ணில் மண்டியிட்டு, ஓடுகிற என்ஜினின் இடுக்கில் கையை நுழைத்தாள். கொதிக்கிற இரும்பு மணிக்கட்டில் பட்டுச் சுட்டது. விடவில்லை. தடவித் தடவி அந்தக் கீறலைக் கண்டுபிடித்து விரலால் அழுத்தினாள்.

அலறல் நின்றது. வண்டி டப் டப் டப் என்று சீராக, சாதுவாக ஓடியது.

விரலை எடுத்தாள், அலறியது. வைத்தாள், அடங்கியது. அவன் சிரிப்பும் அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். கீழே இறங்கி, அவள் விரல் வைத்த இடத்தில் தன் விரலை விட்டுப் பார்த்தான். கீறலின் நீளத்தை அளப்பதுபோல் மெல்லத் தடவினான்.

"முழுசா முறுக்கினா இன்னா ஆவும்னு தெரியுமா உனுக்கு?"

"இப்பதான் தெரியும் மாமா. தேவநாதன் சொன்னான். நீ போவக்கூடாதுன்னுதான்... சத்தியமா இப்பதான் தெரியும்."

"இப்பதான்" என்று அவளையே பார்த்தபடி திருப்பிச் சொன்னான்.

அவன் ரேஸுக்குப் போகவில்லை. கூனிமேட்டிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பொன்னிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. போனால் போகட்டும், திட்டட்டும், அடிக்கக்கூடச் செய்யட்டும், ஆள் முழுசாக வீட்டில் இருக்கிறான், அது போதாதா? சுட்ட இடத்தில் பேஸ்டைத் தடவிக்கொண்டு, அவனுக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்தாள். ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

மத்தியானம் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் பிசையவில்லை. தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"மொதல்ல நீ சாப்புடு" என்றான்.

எப்போதும்போல் பல்லைக் காட்டுவான் என்று அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் காட்டவில்லை. அவள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்து விழுங்கிய பிறகுதான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.