மீசை மாமா மீதான விசாரணை

அந்தத் தொழிற்பேட்டைக் குடியிருப்பில் எது ஆபத்து, எது பத்திரம் என்பதை வருஷா வருஷம் ஜூன் மாதம் நாலு வயதுக்காரர்கள் மூன்று பேர் முடிவு செய்வார்கள். ஒருவர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாலும் ஒரு வருஷம் மோட்டார் அறையில் பூட்டு. போன ஜூனில் உள்ளே போன புத்தக அலமாரியும் இரண்டு தர்பூசணிகளும் அன்று காலைதான் வெளியே வந்திருந்தன.

இந்த வருஷம் வாட்ச்மேன் கோட்டைச்சாமியின் முறை. மீசைக்கு எண்ணெய் தடவி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். மோட்டார் அறை ஜன்னலிலிருந்து அட்சதை போட்டால் மண்டபம்வரை எட்டாது என்று அவருக்குத் தெரியும்.

ஜப்பானிலிருந்து வந்திருந்த ஹருதோ அவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். "பூமி ஆடினா இவர் நம்ம மேல விழமாட்டார். பச்சை."

நேபாளத்து மலையூரிலிருந்து வந்த பிமலா அவரைத் தரையில் படுக்கச் சொன்னாள். படுத்தார். தள்ளிப் பார்த்தாள். "உருளலை. பச்சை."

பி பிளாக் நிறைமதி எழுந்திருக்கவே இல்லை. "சிவப்பு. சாப்பிடலேன்னா மீசை மாமா சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவார்னு அம்மா சொன்னாங்க."

"என்கிட்ட சாக்கே கிடையாது பாப்பா," என்றார் கோட்டைச்சாமி, படுத்தபடியே.

"நீங்க பேசக்கூடாது மாமா. நீங்க ஆபத்து."

பிமலா யோசித்தாள். "அம்மா சொன்னதும் இவர் வந்தாரா?"

"வரலை."

"அப்ப யாரு வந்தா?"

நிறைமதி கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு நினைத்துப் பார்த்தாள். "பருப்புசாதம்."

"ஒவ்வொரு தடவையுமா?" என்றான் ஹருதோ.

"ஒவ்வொரு தடவையும். நேரா வாய்க்குள்ள வரும்."

மூன்றாவது பச்சை ஸ்டிக்கரை நிறைமதியே அவர் மீசையில் ஒட்டினாள். பன்னிரண்டு மணிக்குள் நாலு பிளாக்கின் பருப்புசாதமும் குக்கரோடு மோட்டார் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. காவலுக்குக் கோட்டைச்சாமியைப் போட்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவும் கிடைத்தது.

மத்தியானம் உள்ளே குக்கர்கள் விசும்ப ஆரம்பித்தன. கோட்டைச்சாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அழக்கூடாது. அழுதா நிறைமதி பாப்பா வந்து பிடிச்சுட்டுப் போயிடும்."

ஒவ்வொரு குக்கராக மூடியைப் போட்டுக்கொண்டது.